பாவு இல்லாத தறி

சிவப்ரியா வீட்டுத் தெருவுக்கு அமைதி என்பது மாதத்தில் ஒரு நாள்தான். பராமரிப்புக்காகக் காலையிலேயே கரண்ட்டை நிறுத்துவார்கள். அத்தனை விசைத்தறிகளும் ஒன்றாக ஓய்ந்துவிடும். மற்றவர்களுக்கு அன்று காதுக்கு நிம்மதி. எனக்கு அன்றைக்குத்தான் காது கொல்லைப் பக்கமே கிடக்கும்.

என் பெயர் ஜெயசிங். போலீஸ் உளவுப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்ற ஒண்டிக்கட்டை. பழைய சகா சங்கரசுப்பிரமணியன் போனில் கூப்பிட்டான்.

"கொலைக் கேஸ்ல ஒரே சாட்சி அந்தம்மாதான். கோர்ட்டுல சொல்லி முடிக்கிற வரைக்கும் சங்கரன்கோவில் போய் அங்கன இருலே."

ஒரு பையோடு போய் இறங்கினேன். கதவைத் திறந்த சிவப்ரியா, "வாங்க அண்ணாச்சி" என்றாள். எங்கள் பக்கத்தில் மளிகைக் கடைக்காரன் முதல் எல்லோரும் அண்ணாச்சிதான். அன்றைக்கு அந்த வார்த்தை என்னை ஒன்றும் செய்யவில்லை.

அவள் புருஷன் கோமதிநாயகத்தைக் கூட்டாளி செல்லப்பா, கொல்லையில் இருந்த தறிக்கூடத்திலேயே கழுத்தில் வெட்டினான். அடுக்களை ஜன்னல் வழியாக இவள் பார்த்துவிட்டாள். செல்லப்பா இப்போது ஜாமீனில் வெளியே இருந்தான்.

தறிக்கூடத்தைச் சுற்றிப் பார்த்தேன். ஒரே ஒரு தறி மிச்சம் இருந்தது. நெய்வதற்கு நீளவாக்கில் ஏற்றும் பாவு நூல் கிடையாது, மோட்டாரையும் கழற்றியாகிவிட்டது. சக்கரத்தில் சிலந்தி வலை.

"அவரு கடைசியா ஓட்டுனது. விக்க மனசு வரல" என்றாள்.

பூட்டியே கிடந்த அந்த இடத்தில், அப்போதுதான் போட்டது போல எண்ணெய் வாசனை அடித்தது. நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

நாள் போகப் போக எனக்குள் வேறு வம்பு வந்து சேர்ந்தது. கோமதியம்மன் கோயில் புற்றுமண் கொண்டுவந்து நீட்டுவாள். நான் சர்ச்சுக்குப் போகிறவன். ஆனாலும் வாங்கிச் சட்டைப் பையில் பத்திரமாக வைத்துக்கொள்வேன். அவள் கைபட்டது அல்லவா! அறுபது வயதில் ஆசை வந்தால் ஊர் சிரிக்கும். எனக்கே சிரிப்பாகத்தான் இருந்தது. ஆனாலும் வந்துவிட்டது. அதற்குப் பிறகு 'அண்ணாச்சி' என்று அவள் கூப்பிடும்போதெல்லாம் முள் குத்தும்.

அவள் சாட்சி சொல்வதற்கு முந்தின நாள். அன்று பார்த்துப் பராமரிப்பு நாள். தெரு காமிராக்களும் செத்துக் கிடந்தன. மத்தியான வெயிலில் காக்காய்கூடக் கத்தவில்லை.

தடக்.

சாப்பிட்டுக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள்.

தடக்... தடக்... தடக்...

கொல்லையிலிருந்து வந்தது. ஓடினேன். கூடத்துக்குள் அரிவாளோடு ஒரு தடியன் நின்றான். செல்லப்பாவின் ஆள். அவன் என்னைப் பார்க்கவே இல்லை. மோட்டார் இல்லாத தறி ஓடிக்கொண்டிருந்தது. ஊடு நூலை இழுத்தோடும் நாடா, நூலே இல்லாமல் இப்படியும் அப்படியும் பறந்தது. அவன் வேட்டி நனைந்து ஒழுகியது. கையைப் பிடித்து முறுக்கினேன். அரிவாள் தானாக விழுந்தது.

"ஒரு ஆளு ஓட்டுதான்... கழுத்தெல்லாம் ரத்தம்... ஓட்டுதான்..." என்று உளறினான்.

என் கண்ணுக்கு ஆள் யாரும் தெரியவில்லை. தறி மெல்ல ஓய்ந்து நின்றது. சக்கரத்தில் சிலந்தி வலை அறுபடாமல் இருந்தது.

வாசலில் நின்ற சிவப்ரியா கிசுகிசுத்தாள். "அவரு போகல அண்ணாச்சி. எனக்கு ஏதும் ஆபத்துன்னா ஓட்டுதாரு."

அவள் கோர்ட்டில் தடுமாறாமல் சொன்னாள். செல்லப்பா உள்ளே போனான். எனக்கு இனி அங்கே வேலை இல்லை. பையைக் கட்டினேன். அன்றும் கரண்ட் இல்லாத நாள். காப்பியோடு வந்தவளிடம், வெட்கத்தை விட்டுக் கேட்டேன்.

"நான் போகட்டுமா, இருக்கட்டுமா?"

டம்ளரை என் பக்கத்தில் வைத்தாள். பிறகு கட்டினவனைக் கூப்பிடுகிற மாதிரி மெல்லக் கூப்பிட்டாள்.

"ஏங்க... இங்கனயே இருங்க."

என் நெஞ்சு நிறைந்துவிட்டது.

தடக்.

இருவரும் அசையவில்லை.

தடக்... தடக்...

டம்ளரில் காப்பி நடுங்கியது. எண்ணெய் வாசனை அடுக்களையைத் தாண்டி வந்தது. இப்போது சத்தம் கொல்லையில் இல்லை. என் முதுகுக்குப் பின்னால், சுவருக்குள் கேட்டது. பின்கழுத்தில் காற்று பட்டது, நாடா பறக்கும்போது படுமே, அந்தக் காற்று.

அவள் முகம் வெளுத்தது. என் தோளுக்கு மேலே எதையோ பார்த்தாள். உதடு துடிக்கச் சொன்னாள்.

"காப்பி ஆறுது... அண்ணாச்சி."

தறி நின்றது.

நான் போகவில்லை. முன்னறையில்தான் இருக்கிறேன். கரண்ட் நிற்கும் நாட்களில் அவள் என்னை 'அண்ணாச்சி, அண்ணாச்சி' என்று கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறாள், கொல்லைக்குக் கேட்கிற மாதிரி. மற்ற நாட்களில் தெருவெல்லாம் தறி இரைச்சல். அதற்கடியில் மெல்ல 'ஏங்க' என்பாள். அந்த நேரம் தறிக்கூடத்தில் அவர் தறி ஓடுகிறதா என்பது எங்கள் காதுக்கு எட்டாது.

இன்று காலை என் தலையணையைத் திருப்பினேன். கழுத்து படும் இடத்தில், எண்ணெயில் பதிந்த விரல் தடம் இருந்தது.