விடுங்க என்று சொல்லும்வரை

அவ்வளவு சுத்தமான படம் வரக் கூடாது. ஈயக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம், விளக்கணைத்த சிற்றறையில், மானிட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த சுஜாவின் மனதில் முதலில் தட்டியது அதுதான். வழக்கம்போல மைக்கை அழுத்தி, "விட்டோ" என்றாள். பிறகு படத்தை மறுபடியும் பார்த்தாள்.

இரத்தக் குழாயை மட்டும் தனியே காட்டும் இந்தப் படம் ஒரு கழித்தல் கணக்கு. மருந்து செலுத்துவதற்கு முன் ஓர் எக்ஸ்ரே. மருந்து ஓடும்போது அடுத்தடுத்துப் பல. பின்னதிலிருந்து முன்னதைக் கம்ப்யூட்டர் கழித்துவிடும். இரண்டிலும் அசையாமல் இருந்த முதுகெலும்பு, விலா, இடுப்பு எல்லாம் மறைந்துபோய், புதிதாக வந்த மருந்து மட்டும் கறுப்பாக நிற்கும். இடையில் நோயாளி கொஞ்சம் மூச்சு விட்டாலும் கணக்குத் தப்பி, எலும்புகள் இரட்டை நிழலாக எழும்பி வரும். அதனால்தான் மூச்சைப் பிடிக்கச் சொல்வது. என்னதான் பிடித்தாலும் குடலுக்குள் நெளியும் காற்று எங்காவது ஒரு புழுதிபோலப் படிந்திருக்கும். உயிருள்ள உடம்பு என்றால் அது இருக்கும்.

நோயாளி மகாராஜாவின் படத்தில் அது இல்லை. வெள்ளைத் தாளில் மையால் வரைந்தது போல மகாதமனி இறங்கியது. சிறுநீரகங்களுக்குக் கிளை பிரியும் இடத்தில் ஒரு கைமுஷ்டி அளவுக்கு வீங்கியது. வீக்கத்தின் இடது ஓரத்தில் மருந்து ஒரு நூலாகக் கசிந்து வெளியே போய்க்கொண்டிருந்தது.

"ஃப்ரேம் போட்டுச் சுவத்துல மாட்டணும், சுஜா," என்று ஸ்பீக்கரில் டாக்டர் ஸ்ரீகண்டனின் குரல் வந்தது. அவருக்குத் தமிழ் பேசுவதில் ஆசை அதிகம். "உங்க தமிழ்க்காரங்களுக்கு மூச்சே வேண்டாமோ?"

உள்ளே நர்ஸ் ராகேல் முகமூடிக்குள் சிரித்தாள். சுஜாவும் சிரித்தாள்.

மகாராஜா இந்த மலையாள ஊருக்கு வந்து, சாலைக் கடைத்தெருவில் ஒரு ஓட்டலில் அடுப்படி வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. சொந்த ஊர் சங்கரன்கோவில் பக்கம். மலையாளம் சுத்தமாகத் தெரியாது. காலையில் முதுகைப் பிடித்துக்கொண்டு அடுப்பருகே சரிந்தவரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மயக்க மருந்து முழுதாகக் கொடுத்தால் வயிற்றுத் தசை தளர்ந்து, இரத்த அழுத்தம் சரிந்து, கசிவு உடைப்பாகிவிடும் என்பதால் தொடையிடுக்கை மட்டும் மரத்துப்போக வைத்திருந்தார்கள். அவர் விழித்தபடியே கிடந்தார்.

அவரை உள்ளே கொண்டுபோகும் முன், அறை வாசலில் அவர் மனைவி மாடம்மாள் சுஜாவின் ஈய அங்கியைப் பிடித்துக்கொண்டாள். "தாயி, நீங்களே அவியகிட்ட பேசுங்க. மலையாளத்துல கேட்டா பயந்துருவாவ. உங்க பேச்சுன்னா, சொன்னத சொன்னபடி கேப்பாவ."

"நானே சொல்லுகேன் அக்கா. பேடிக்காதீங்க, கேட்டேளா? ஆளத் திருப்பி உங்க கையில தாறேன்."

உள்ளே மேசையில் படுத்திருந்தவரிடம் குனிந்து சொன்னாள். "அண்ணாச்சி, நான் சொல்லும்போ மூச்ச இழுத்துப் பிடிச்சுக்கணும். நான் விடுங்கன்னு சொல்லுக வரைக்கும் விடப்பிடாது."

அவர் விரல்களில் வெங்காய வாசனை இருந்தது. "சரிம்மா," என்றார்.

இப்போது உள்ளே பாலியெஸ்டர் கருகும் வாடை. வீங்கிய குழாய்க்குள்ளே துணிக்குழாய் ஒன்றைச் செலுத்தி, இரத்தத்தை அதன் வழியே திருப்பிவிட்டால் வீக்கத்தின் மேல் அழுத்தம் இராது. சாதாரண இடமென்றால் அவ்வளவுதான் வேலை. இங்கேயோ துணி சிறுநீரகக் கிளைகளின் வாயை அடைத்துவிடும். ஆளுக்கேற்ற துளைகளோடு வெளிநாட்டில் செய்து வரவழைக்கப் பல வாரம் ஆகும்; மகாராஜாவுக்கு அத்தனை வாரம் இல்லை. ஆகவே ஸ்கேனில் அளவெடுத்து வைத்திருந்த டாக்டரே, பக்கத்து மேசையில் துணிக்குழாயை விரித்து, சூடேற்றிய கம்பி நுனியால் துளை சுட்டு, ஓரத்தைத் தங்கக் கம்பி வைத்துத் தைத்தார். எக்ஸ்ரேயில் அந்தத் தங்கம் ஒரு சிறு வளையமாகத் தெரியும். அந்த வளையம் கிளையின் வாய்க்கு நேராக நிற்க வேண்டும். பிறகு அதன் வழியே ஒரு சின்னக் குழாயைக் கிளைக்குள் செருகிப் பூட்டிவிட்டால் தீர்ந்தது.

வெளியே இடவப்பாதிப் பருவமழை கொட்டிக்கொண்டிருந்தது. பகல்தான் என்றாலும் ஜன்னலில்லாத அந்த அறைக்கு மழையின் இரைச்சல் மட்டுமே வந்தது. அதுவும் ஏசியின் முனகலுக்கு அடியில், யாரோ பக்கத்து அறையில் தொடர்ந்து அரிசி புடைப்பதுபோல.

டாக்டர் பெடலை மிதித்தார். திரையில் நேரடி எக்ஸ்ரே ஓடத் தொடங்கியது. சுருட்டி அடைத்த துணிக்குழாய் தொடையிலிருந்து மெல்ல மேலே ஏறி, வீக்கத்தைத் தாண்டி நின்றது. பாதி விரிந்தது. தங்க வளையம் கிளையின் வாயை நோக்கித் திரும்பியது. மகாராஜாவின் இதயம் திரையின் மேல் ஓரத்தில் துடித்தது. அதன் கீழே உதரவிதானம் ஒரு வெளிர் குன்றுபோல வளைந்திருந்தது.

சுஜா குன்றைப் பார்த்தாள்.

மூச்சுக்கு மூச்சு ஏறி இறங்க வேண்டிய குன்று அது. கூடவே சிறுநீரகமும் கிளையும் ஒரு விரல் அகலம் ஏறி இறங்கும். வளையத்தை நேராக்குவதில் உள்ள பெரும்பாடே அதுதான். டாக்டர் எப்போதும் அந்த இடத்தில் திட்டுவார். இன்று திட்டவில்லை.

குன்று அசையவில்லை.

அவள் நோயாளியின் எண்களைப் பார்த்தாள். நாடி எழுபத்தெட்டு. ஆக்ஸிஜன் நூறு. அவற்றின் கீழே, மூச்சைக் காட்டும் கோடு தட்டையாகக் கிடந்தது. ஈயத் தடுப்புக்குப் பின்னால் நின்ற மயக்கமருந்து டாக்டர் அதைப் பார்த்து, "லீட் லூஸாணு," என்று அலாரத்தை அணைத்தார். நெஞ்சில் ஒட்டியிருக்கும் வில்லை கழன்றால் அப்படி வருவது சகஜம்தான். நெஞ்சைப் பச்சைத் துணி மூடியிருந்தது. அதற்கு மேலே எக்ஸ்ரே எந்திரத்தின் தலை மறைத்திருந்தது. யாருக்கும் நெஞ்சு தெரியாது.

எப்போதிருந்து?

முதல் படம். அதற்கு முன் தமிழில் சொன்னாள்: "மூச்ச இழுத்துப் பிடிங்க." முடிந்ததும் என்ன சொன்னாள்? நாக்கில் ஊறிப்போனதை. மூச்சை விடச் சொல்ல நாள் முழுக்க மலையாளத்தில் சொல்லிச் சொல்லிப் பழகியதை.

விட்டோ.

அந்தச் சொல் அவருக்குத் தெரியாது. அவர் இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறார்.

முடியாது, என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். யாராலும் முடியாது. உடம்பே விட்டுவிடும். டாக்டர் துளை சுட்டு, தைத்து, சுருட்டி அடைத்ததெல்லாம் அதற்குப் பிறகுதானே. ராகேல் இரண்டு முறை கையுறை மாற்றினாள். அவ்வளவு நேரம்.

குன்று அசையவில்லை.

அவள் விரல் மைக் பொத்தானுக்குப் போனது. அந்த நேரம் பார்த்து டாக்டர் சொன்னார். "இப்ப அனங்கப்பிடாது. சுஜா, கொஞ்சம் அசைஞ்சா ரெண்டு கிட்னியும் போச்சு. ஆளும் போச்சு."

துணிக்குழாய் பாதி விரிந்து இரத்தத்தில் மிதந்தது. இன்னும் பூட்டவில்லை. ஒரே ஒரு மூச்சு போதும், வளையம் விலகிவிடும். விரலைப் பின்னுக்கு இழுத்தாள். 'ஆளத் திருப்பி உங்க கையில தாறேன்.' சொன்னால் ஆள் செத்துப்போவார். சொல்லாவிட்டால்?

சொல்லாவிட்டால் என்னவென்று அவளுக்குத் தெரியவில்லை.

வளையம் நேராக நின்றது. சின்னக் குழாய் உள்ளே நுழைந்தது. விரிந்தது. ஒரு பக்கம் பூட்டியது. மழை நின்றிருந்தது, எப்போது என்று தெரியவில்லை. மறுபக்கம். நுழைந்தது. விரிந்தது.

"லாக்ட்," என்றார் டாக்டர். கசிவு இல்லை. "சுஜா, ஆள் ரெட்சப்பட்டாச்சு, பிழைச்சாச்சு!"

ராகேல் கை தட்டினாள்.

சுஜா பொத்தானை அழுத்தினாள்.

"அண்ணாச்சி. மூச்சு விடுங்க."

ஒன்றுமில்லை. ஏசியின் முனகல். பிறகு ஸ்பீக்கரில் மெல்லிய ஒரு சீறல், சைக்கிள் டியூபில் முள் ஏறியதுபோல.

அவள் கண்களை மூடிக்கொண்டாள். விட்டுவிட்டார். விட்டுவிட்டார்.

சீறல் நிற்கவில்லை. கண்ணைத் திறந்தாள்.

ராகேலின் கைகள் பாதியில் நின்றன. பச்சைத் துணி இறங்கியது. நெஞ்சு இருக்க வேண்டிய உயரத்துக்கு இறங்கியது. அதற்கும் கீழே இறங்கியது. டாக்டரின் கால் இன்னும் பெடலில் இருந்தது. மூச்சு வெளியேற வெளியேறத் திரையில் குன்று ஏறிக்கொண்டிருந்தது. இதயத்தைத் தொட்டது. மூடியது. அதன் பின்னால் இதயம் துடித்தது. எழுபத்தெட்டு. நூறு.

"இதெந்தா," என்றார் டாக்டர். "சுஜே, இதெந்தா?"

சீறல்.

எந்திரத்தின் தலைக்கு அப்பால் மகாராஜாவின் முகம் திரும்பியது. கண்ணாடி வழியாக அவளைத் தேடிக் கண்டுபிடித்தது. அதில் வலி இல்லை. கோபம் இல்லை. கழுத்துக்குக் கீழே பச்சைத் துணி மேசையோடு மேசையாகப் படிந்துகிடந்தது. திறந்த வாயிலிருந்து காற்று போய்க்கொண்டே இருந்தது. அவர் கண் இமைக்காமல் அவள் உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தார், அடுத்துச் செய்ய வேண்டியதை அவள் சொல்லட்டும் என்று.