ஆறாத மெத்தை

இரவுப் பணி முடிந்து அறைக்குத் திரும்பியதும் ஷெர்லின் முதலில் கால் கழுவுவாள். பின்பு, ஜன்னலை மறைத்து ஒட்டியிருக்கும் கறுப்புப் பாலிதீன் தாளின் ஓரங்களை விரலால் அழுத்தி, பகல் நுழைவதற்கு இடைவெளி ஏதும் இல்லை என்று உறுதி செய்துகொள்வாள். அதன் பின்னரே சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்து, சிறு செபம் ஒன்றை முணுமுணுத்து முடிப்பதற்குள் உறங்கிப் போவாள். ஒரகடத்தில், கார் இருக்கைகளுக்கு உறை தைக்கும் தொழிற்சாலையில் அவளுக்கு வேலை. அவள் தங்கியிருந்த பிள்ளைப்பாக்கத்து விடுதியில் கட்டில் ஒன்றுக்கு இருவர் என்பது ஏற்பாடு. பகற்பணிக்குச் செல்லும் எழிலரசி எழுந்துபோன இடத்தில், இரவுப்பணி முடித்து வரும் ஷெர்லின் படுப்பாள். இருவரும் படிக்கட்டில் ஏறும்போதும் இறங்கும்போதும் சிரித்துக்கொள்வதோடு சரி. ஆயினும் எழிலரசி மெத்தையில் விட்டுச்சென்ற இளஞ்சூட்டில்தான் ஷெர்லினுக்கு நாள்தோறும் உறக்கம் வரும். அந்தக் கட்டில் ஆறிக் கிடந்து அவள் கண்டதே இல்லை.

அன்று காலையும் மெத்தை சூடாகத்தான் இருந்தது.

செபம் பாதியில் நின்றது. எழிலரசி ஊரில் இல்லை. மகளுக்குக் காய்ச்சல் என்று முந்தின நாளே செய்யாற்றுக்குப் பேருந்து ஏறிவிட்டாள். இரவு முழுவதும் இந்தக் கட்டில் வெறுமையாகக் கிடந்திருக்க வேண்டும்.

"கோவிந்தம்மாக்கா, என் கட்டில்ல யாருனா படுத்தாங்களா?"

அடுத்த கட்டிலில் போர்வைக்குள்ளிருந்து குரல் வந்தது. "நாங்களே உன்கூட ஒரே பஸ்ல தானடி வந்தோம். பேய் வந்து படுத்துனு போயிருக்கும், போ. தூங்கு."

அமலா எங்கோ இருட்டில் சிரித்தாள். பிறகு, ஒருவர்பின் ஒருவராக எல்லோரும் உறங்கிப்போனார்கள்.

ஷெர்லின் அசையாமல் படுத்திருந்தாள். மின்விசிறியின் முனகலுக்கும், நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் வேகத்தடையில் ஏறி இறங்கும் அதிர்வுக்கும் அடியில், மிக மெல்லிய ஓசை ஒன்று, நகத்தால் தகரத்தைச் சுண்டுவது போல, விட்டுவிட்டு எழுந்துகொண்டிருந்தது; அதனோடு, நகப்பூச்சைத் துடைக்கும் திரவத்தினுடையதைப் போன்ற இனிப்பான நெடியொன்று பஞ்சின் வழியே கசிந்து அவளுடைய தொண்டையில் படிந்தது. மெத்தையின் சூடு மனித உடலின் நீளத்திற்குப் பரவியிருக்கவில்லை. அவளுடைய விலா எலும்புக்கு நேர் கீழே, உள்ளங்கையளவு இடத்தில் மட்டும் அது குவிந்திருந்தது.

எழுந்து மெத்தையைப் புரட்டினாள். அடிப்புறத்தில், நேர்த்தியான இரட்டைத் தையலில் பை ஒன்று இருந்தது. அதன் வாயில் வெல்க்ரோ ஒட்டுப்பட்டை. கார் இருக்கைக்குத் தைக்கும் அதே தையல். பிரித்தாள். ஆயுத பூசையன்று கம்பெனி எல்லோருக்கும் கொடுத்த பவர் பேங்க் உள்ளே இருந்தது. பூசையில் வைத்த சந்தனம் அதன்மேல் இன்னும் காய்ந்து ஒட்டியிருந்தது. பொத்தானை அழுத்தினால் எரியும் நீல விளக்கு அணைந்திருந்தது. அன்று சோப்புக் கட்டிபோல் தட்டையாக இருந்த பொருள், இப்போது பூரியாய் உப்பியிருந்தது.

பொங்கலுக்குப் பின் கம்பெனி அறிவிப்பு வந்தது ஷெர்லினுக்கு நினைவிருந்தது. அந்த வகை பவர் பேங்கில் பேட்டரி தீப்பற்றக்கூடும், எவரும் பயன்படுத்தலாகாது, பெட்டியோடு விடுதி வார்டனிடம் ஒப்படைக்க வேண்டும், மாற்று பின்னர் வரும். அவள் தன்னுடையதை அன்றே கொடுத்துவிட்டாள்.

துண்டால் சுற்றித் தூக்கினாள். துணியையும் மீறிச் சுட்டது. குளியலறைக்கு ஓடி, இருந்த ஒரே வாளித் தண்ணீரில் அதைப் போட்டாள். நீருக்கடியில் குமிழிகள் கிளம்பின. குழாயைத் திறந்தாள். வரவில்லை. மோட்டார் போடும் வேளை மாலை.

எழிலரசியைத் தொலைபேசியில் அழைத்தாள்.

"ஷெர்லினக்கா, மன்னிச்சுக்கோக்கா. உன்னாண்ட சொல்லலாம்னு தான் இருந்தேன். போறப்ப ஃபுல்லா சார்ஜ் போட்டு உள்ள வச்சுட்டு வந்தேன். ரூமுக்கே ஒரு பிளக்கு. அது இல்லாங்காட்டி பஸ்ல வரப்ப பாப்பாகூட எப்டிக்கா பேசுறது? மாத்து தரேன்னாங்க, எங்க தந்தாங்க?"

"வார்டனாண்ட பெட்டியைக் குடுத்தியேடி?"

"பெட்டி குடுத்தேன். உள்ள துணி சோப்பு வச்சு ஒட்டிக் குடுத்தேன். வெயிட்டு சரியா இருந்துச்சு." எழிலரசி குரலைத் தாழ்த்தினாள். "நான் மட்டும் இல்லக்கா. நம்ப ரூம்ல எல்லாரும் தான். எல்லாருக்கும் நான் தான் பை தச்சுக் குடுத்தேன். நீ ஒருத்தி தான் குடுத்துட்ட. அதான் உனக்குத் தெரிய வாணாம்னாங்க."

ஷெர்லின் குளியலறை வாசலில் நின்று அறையைப் பார்த்தாள். இருட்டில் வரிசையாகக் கட்டில்கள். ஒவ்வொன்றின்மீதும் ஓர் உடல். ஒவ்வோர் உடலுக்கும் அடியில்.

அந்த மெல்லிய ஓசை நிற்கவில்லை. வாளியிலிருந்து அது வரவில்லை.

அமலாவின் மெத்தையைத் தொட்டாள். சூடாக இருந்தது. கோவிந்தம்மாவின் மெத்தை. சூடாக இருந்தது. எது படுத்திருப்பவளின் சூடு, எது அதனுடையது? அவளுடைய கைக்குத் தெரியவில்லை. கோவிந்தம்மாவின் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"எழுந்திரிக்கா. மெத்தை சுடுது."

"ரெண்டு ஷிஃப்ட் சேத்துப் பாத்துட்டு வந்தவ ஒடம்பு ஜில்லுனா இருக்கும்? வுடுடி."

"எழிலரசியோடது உப்பிப்போச்சு. வந்து பாரு."

"அவளுது உப்பிச்சு. என்னுது நல்லா கீது."

ஷெர்லின் வார்டன் சுந்தராம்பாளை அழைத்தாள். பகலில் உறங்கும் பெண்களுக்குப் பாதுகாப்பு என்று சொல்லி, மாடிப்படியின் இரும்புக் கதவை வெளியே பூட்டிவிட்டு வீட்டுக்குப் போவது வார்டனின் வழக்கம். சாவி அவரிடம் மட்டுமே உண்டு.

"பவர் பேங்க்கா? அதையெல்லாம் வாங்கி, சீல் வச்சு, கம்பெனிக்கு அனுப்பியாச்சேம்மா. கனவு கினவு கண்டியா? நான் மறைமலை நகர்ல ஒரு கல்யாணத்துல கீறேன். மூணு மணிக்கு வந்து தொறக்கறேன்."

"மேடம், அந்தப் பெட்டில இருந்தது..."

போர்வைக்குள்ளிருந்து நீண்ட கை அவளுடைய செல்பேசியைப் பறித்தது. கோவிந்தம்மா எழுந்து உட்கார்ந்திருந்தாள். அழைப்பை நிறுத்தினாள்.

"சோப்பு வச்சு ஏமாத்தினோம்னு தெரிஞ்சா நாளைக்கு கேட்டுக்குள்ள வுடுவானா? அமலா ரெண்டு தங்கச்சிய படிக்க வைக்கறா. என் புருஷன் படுத்த படுக்கையா கீறாரு. உன் நல்ல பேருக்கு நாங்க தெருவுல நிக்கணுமா?" அதட்டலாகத் தொடங்கிய குரல் கெஞ்சலாக முடிந்தது. "மூணு மணிக்குத் தொறந்ததும் எல்லாத்தையும் ஏரில போட்டுட்லாம்டி. சத்தியமா. இப்ப தூங்க வுடு."

செல்பேசியைத் தன் தலையணைக்கடியில் செருகிக்கொண்டு படுத்துவிட்டாள். சற்று நேரத்தில் அவளுடைய மூச்சு சீரானது.

ஷெர்லின் படியிறங்கி இரும்புக் கதவைக் குலுக்கினாள். பூட்டு அசைந்தது. கத்தினாள். எதிரே, தொழிற்சாலைச் சுற்றுச்சுவர், அதன்மேல் முள்கம்பி. லாரிகள் போயின. ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

மேலே வந்தாள். நெடி கூடியிருந்தது. எந்தக் கட்டிலிலிருந்து என்று தெரியவில்லை. குடிநீர்ப் பானையைச் சாய்த்தாள். ஒரு குவளை தேறியது. அதை ஏந்தியபடி கட்டில்களுக்கு நடுவே தரையில் உட்கார்ந்தாள்.

அப்போதுதான் அதைக் கண்டாள்.

அமலாவின் கட்டிலுக்கடியில், பலகை இடுக்கின் வழியே, தரையில் ஒரு நீலப் புள்ளி விழுந்திருந்தது. எவரும் எதையும் அழுத்தவில்லை. அடுத்த கட்டிலுக்கடியில் இன்னொன்று. அதற்கடுத்து, கோவிந்தம்மாவினுடையது. கண் திறப்பதுபோல் ஒவ்வொன்றாக. வரிசை தவறாமல். சுவர்வரைக்கும்.

மேலே எல்லோரும் ஒரே சீராக மூச்சுவிட்டார்கள்.

குவளையை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டு, கதவு திறக்கும்வரை தூங்குவதில்லை என்று ஷெர்லின் முடிவு செய்தாள்.