கோனெங்குக்கு இழுப்பு

எங்கள் ஊர் போகோரில் மழையில்லாத மதியம் ஒன்று வந்தால் நான் அன்றைக்கு லீவு போட்டுவிடுவேன். இதுவரை அதிகம் போட்டதில்லை. அன்றும் மழைதான். எண்டென் அக்கா வீட்டு வாசலில் ஸ்கூட்டரை நிறுத்தும்போது மணி மூன்று, தலைத்துணி முழுக்க நனைந்திருந்தது.

பாம்பு டாக்டர் என்றாலே ஜனங்களுக்குச் சிரிப்பு. பாம்புக்குச் சளி பிடிக்குமா என்று கேட்பார்கள். பிடிக்கும். அறை குளிர்ந்துபோனால் மூக்கில் குமிழி வரும், வாயைத் திறந்துகொண்டு விசிலடிப்பதுபோல மூச்சு விடும், தலையைத் தூக்கியபடியே கிடக்கும். அக்கா போனில் சொன்னது அத்தனையும் அதுதான்.

"அவருக்கு நாப்பதாம் நாள் ஓதல் முடிஞ்ச அன்னிக்கு ஆரம்பிச்சுது, டாக்டர். நிக்கவே மாட்டேங்குது. கஷ்டம் தெரியாம ஊசி போட்டு அதை மேல அனுப்பிடுங்க" என்றாள், நான் செருப்பைக் கழற்றுவதற்குள்.

அவர் என்றால் அவள் புருஷன் யாயத். மலைப்பாம்பு வளர்க்கிறவர்களில் என் பேச்சை ஒழுங்காகக் கேட்ட ஒரே மனிதர். இரண்டு மாதத்துக்கு முன் ஆஸ்துமாவில் போய்விட்டார்.

"முதல்ல பாக்கறேன். நான் ஒண்ணும் கசாப்புக்கடை வச்சிருக்கல" என்றேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

பாம்பறை வீட்டின் பின்பக்கம், ஜன்னல் கிடையாது. ஒருமுறை அவருடைய மலைப்பாம்பு கோனெங் நழுவிப்போய் அடுத்த வீட்டுக் கோழிக்கூட்டில் சுருண்டிருந்தது. அதிலிருந்து யாயத் கதவின் உள்பக்கக் கைப்பிடியைக் கழற்றி எறிந்துவிட்டு, வெளியே இரும்புத் தாழ்ப்பாள் வைத்துவிட்டார். அந்தக் கதவைத் தாண்டுகிற யாரும் போகிற போக்கில் தாழ்ப்பாளைத் தட்டிவிட்டுத்தான் போகவேண்டும். வீட்டுச் சட்டம். நானும் எத்தனையோ தடவை தட்டிவிட்டிருக்கிறேன்.

உள்ளே போனேன். சிவப்பு விளக்கு மட்டும் எரிந்தது. மரத்தூள் வாசனை, அதற்கு மேல் யூகலிப்டஸ் தைல வாசனை.

பின்னால் தாழ்ப்பாள் விழுந்தது.

"அக்கா?"

"ஊசி போட்டதும் சொல்லுங்க, டாக்டர். திறக்கறேன்."

கோபம் வந்தது. ஆனால் அதற்குள் சத்தத்தைக் கேட்டுவிட்டேன். ஹீ…ங். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. மறுபடி ஹீ…ங். கேட்கிற நமக்கே நெஞ்சு அடைக்கிற இழுப்பு.

கோனெங் பத்தடி நீளம், நல்ல மஞ்சள். தலையைத் தூக்கிக் கதவுப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தது. பாவம், முற்றிவிட்டது என்று நினைத்தேன்.

கூண்டின் சூடு சரியாக இருந்தது. மூக்குத் துளைகள் உலர்ந்திருந்தன. வாயை மெல்லத் திறந்து டார்ச் அடித்தேன். வெளிர்சிவப்பு, புண்ணும் இல்லை, கோழையும் இல்லை. வெள்ளைத் துணியால் உடம்பைத் துடைத்துப் பார்த்தேன், ஒரு உண்ணி ஒட்டவில்லை. மல்லாக்கப் போட்டேன். சட்டென்று புரண்டு நேரானது. நரம்பிலும் கோளாறு இல்லை.

செதில் உரசாமலிருக்க ஈரத்துணியை வைத்து அதன்மேல் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தேன்.

சுத்தமான மூச்சு.

காதிலிருந்து கழற்றினேன். ஹீ…ங்.

விலாவில் கையை வைத்தேன். கோனெங் மூச்சை அடக்கிக்கொண்டு கிடந்தது. விலா அசையவே இல்லை.

இழுப்பு மட்டும் நிற்கவில்லை.

அது எனக்குப் பின்னாலிருந்து வந்தது.

கதவை இரண்டு கையாலும் தட்டினேன். "அக்கா, திற!"

"செத்துடுச்சா?"

"இல்ல. திற முதல்ல!"

"அப்போ முடியாது. அந்தச் சத்தம் நிக்கணும். நின்னாதான் திறப்பேன்."

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன், ஊசியில் மருந்தை ஏற்றிவிட்டேன். எந்த நோயுமில்லாத உயிர். அதைக் கொன்றால் கதவு திறக்கும். என் கை அந்த அளவுக்குப் போய்விட்டது.

இழுப்பு நகர்ந்தது. கதவடியிலிருந்து என் முழங்காலுக்கு வந்தது. பிறகு இடுப்புக்கு. கோனெங்கின் தலை அதோடு கூடவே திரும்பியது.

டார்ச்சைக் கீழே திருப்பினேன். கதவின் உள்பக்கம், முழங்கால் உயரத்தில், பலகை முழுக்க நகக்கீறல்.

பாம்புக்கு ஏது நகம்.

"அக்கா," குரலை இறக்கினேன், "அவரு எங்க செத்தாரு?"

கதவோடு ஒட்டிக்கொண்டு பேசினாள்.

"கல்யாணத்துக்குக் கிளம்பற அவசரம், டாக்டர். கதவத் தாண்டினேன், கை தானா தட்டிடுச்சு. அவரு உள்ள இருக்காருன்னு தெரியாது. அவரோட இழுப்பு மருந்துக் குப்பி வெளிய கெடந்துது. திரும்பி வந்தப்ப… கூடத்துக்கு இழுத்துட்டு வந்து படுக்க வச்சேன். தூக்கத்துல போயிட்டாருன்னு எல்லாருக்கும் சொல்லிட்டேன்."

எனக்கு அழுகை வந்தது, அவளுக்காகவா எனக்காகவா தெரியவில்லை.

"கோனெங் நல்லா இருக்குது, அக்கா. இந்த இழுப்பு அதோடது இல்ல."

தாழ்ப்பாள் எழும்பியது. வாசலில் அவள் நின்றாள். கையில் அந்தக் குப்பி.

"நீங்க வெளிய போங்க. அவர்கிட்ட நான் பேசணும்."

தடுத்திருக்க வேண்டும். தடுக்கவில்லை. வெளியே போனால் போதும் என்றிருந்தது. பாம்பைச் சாக்கில் போட்டுத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடிவந்தேன். கதவு தானாகச் சாத்திக்கொண்டது.

"என்னை மன்னிச்சிடுங்க" என்று அவள் சொன்னது காதில் விழுந்தது.

இழுப்பு நின்றது.

அப்பாடா என்றிருந்தது எனக்கு.

பிறகு கதவுக்கு அந்தப்பக்கம் அவள் குரல், ரகசியம்போல.

"டாக்டர்… திறங்க. இங்க அவரு இல்ல."

தாழ்ப்பாள் விழுந்திருந்தது. நெம்பினேன், அசையவில்லை. துருப்பிடித்ததுபோல இல்லை. மேலிருந்து யாரோ அழுத்திப் பிடித்திருந்தார்கள்.

அவள் கதவை அடிக்க ஆரம்பித்தாள். "மூச்சு முட்டுது, டாக்டர்!"

மழையில் ஓடி அடுத்த வீட்டு ஆட்கள் இரண்டு பேரை இழுத்துவந்தேன். ரம்பத்தால் அறுத்துத் திறக்க அரைமணி ஆனது. உயிரோடுதான் இருந்தாள். உதடு நீலம், விரல்நுனி எல்லாம் ரத்தம். குப்பி காலியாகிக் கிடந்தது. என்னைத் தாண்டி எங்கோ பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"தாழ்ப்பாள் போட்டது யாரு?"

அந்த இரண்டு பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். வெளியே இருந்தது நான் ஒருத்திதான்.

நான் இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

என் காதோரம் யாரோ மூச்சை நீளமாக இழுத்து, மெதுவாக விட்டார்கள். இழுப்பே இல்லாத, நிம்மதியான மூச்சு.