கை பதிந்த செங்கல்

கிட்ட வாருங்கள் கண்ணுகளா, போர்வையை இழுத்துவிட்டுக்கொள்ளுங்கள். பயந்தால் என் கையைப் பிடித்துக்கொள்ளலாம். சுவரை மட்டும் தொட வேண்டாம். ஏன் என்று சொல்கிறேன்.

ஹைதராபாத் பக்கம் போலாரத்தில் வெள்ளைக்காரன் காலத்துச் செங்கல் பங்களா ஒன்று. இப்போது அது காலனிக்காரர்களின் சமுதாயக்கூடம். காலையில் யோகா, ஞாயிறானால் வளைகாப்பு, காதுகுத்து. கூடத்துச் சுவருக்குப் பூச்சு கிடையாது. அதில் ஒரு செங்கல்லில் சின்னஞ்சிறு வலது கை பதிந்திருக்கும். சூளைக்குப் போகுமுன் ஈரக் களிமண்ணில் எந்தக் கூலிக்காரப் பிள்ளை அழுத்தியதோ.

பக்கத்து வீட்டு வளைகாப்புக்கு ஷோபா வந்திருந்தாள். கூடவே நாலு வயது மகள் நித்யஸ்ரீ, கை நிறைய லாட் பஜார் வளையலோடு.

"அந்தக் கைமேல உன் கையை வை கண்ணு. போட்டோ எடுக்கிறேன்."

பெருக்கிக்கொண்டிருந்த பூர்ணா நிமிர்ந்தாள். "நக்கோ அம்மா, வேணாம். வைக்க விடாதீங்க."

"ஏன் பூர்ணா, செங்கல் கடிச்சிடுமா?"

"கடிச்சா ஆறிடுமே அம்மா."

ஷோபா சிரித்தாள். குழந்தை கையை வைத்தாள். அளவெடுத்ததுபோல் பொருந்தியது. எங்கிருந்தோ ஈர மண் வாசனை எழுந்தது.

"மம்மி," என்றாள் மெதுவாக, "இது விட மாட்டேங்குது."

ஷோபா இழுத்தாள். கை வந்துவிட்டது.

வந்ததுபோல்தான் இருந்தது.

அடுத்த பிறந்தநாளுக்குப் புது வளையல் வாங்கினார்கள். இடது கையில் கச்சிதம். வலது கையில் நிற்காமல் கழன்று விழுந்தது. ஏறாத ஆஸ்பத்திரி இல்லை. பத்து வயதிலும் நித்யாவின் வலது கை நாலு வயதுக் கைதான். எப்போதும் சில்லென்று இருக்கும்.

அந்த வருஷம் ஒரு காதுகுத்துக்காக மறுபடி பங்களாவுக்குப் போனார்கள்.

செங்கல்லில் இருந்த கை வளர்ந்திருந்தது.

ஷோபா தன் கையை அதன்மேல் வைத்து அழுத்தினாள். "என்னை எடுத்துக்கோ. அவளோடதைக் குடுத்துடு."

சுவர் சும்மா இருந்தது.

பந்தல்காரரின் சுத்தியலைப் பிடுங்கி ஓங்கி அடித்தாள். செங்கல்லில் சின்னதாக ஒரு கீறல்.

பின்னால் நின்ற நித்யா அலறினாள். அவளுடைய வலது சுண்டுவிரல் ஒடிந்து தொங்கியது.

ஷோபா சுத்தியலைக் கீழே வைத்துவிட்டாள். அப்புறம் எந்தச் சுத்தியலையும் அவள் தொட்டதில்லை.

கமிட்டியார் அந்தச் சுவரைப் பூசி வெள்ளையடித்தார்கள். நித்யா இப்போது காலேஜுக்குப் போகிறாள், வலது கையைத் துப்பட்டாவுக்குள் ஒளித்துக்கொண்டு. பூச்சை மீறிக்கொண்டு சுவரில் ஒரு வயசுப்பெண்ணின் கை தெரிகிறது, சுண்டுவிரல் கோணலாக. அதற்குக் கீழே போன மாதம் இன்னொரு கை வந்திருக்கிறது.

ரொம்பச் சின்னது. தவழும் குழந்தைக்கு எட்டும் உயரத்தில்.

போய்த் தூங்குங்கள் கண்ணுகளா. உங்கள் வீட்டில் எந்த நாளும் இரண்டு கைக்கும் ஒரே அளவில் வளையல் வாங்கும்படி இருக்கட்டும்.