வலது பக்கம் ஏறுபவள்

குதிரை வீட்டுக்கு வந்து மூன்றாம் நாள் மாலை ஐந்தரை மணிக்கு, மென்றுகொண்டிருந்த புல்லை வாயிலேயே வைத்துக்கொண்டு அசையாமல் நின்றுவிட்டது. காதுகள் இரண்டும் வலது பக்கம் திரும்பின. பிறகு வலது முன்காலைக் கொஞ்சம் அகட்டி ஊன்றி, முதுகைக் கெட்டியாக்கிக்கொண்டது. தண்ணீர் வாளியோடு கொட்டகைக்குள் வந்த தராசுக்காரர், வாளியைக் கீழே வைக்க மறந்து நின்றார்.

யாராவது ஏறினால்தான் குதிரை அப்படி ஊன்றிக்கொள்ளும். ஒரு பக்கமாக எடை இழுக்கும்போது சாய்ந்துவிடக் கூடாதல்லவா. ஆனால் அதன் மேல் சேணம்கூட இல்லை. போதாததற்கு, எல்லாரும் இடது பக்கம்தான் ஏறுவார்கள், குதிரைகளையும் அப்படித்தான் பழக்குவார்கள். வலது பக்கம் ஏறுகிற ஒரே ஒருத்தியைத்தான் அவருக்குத் தெரியும்.

அவருடைய ஒரே மகள். பதிமூன்று வயது. வீட்டில் சிட்டு. இடது கால் பிறவியிலேயே சூம்பியது, அதை ஊன்றி எழும்ப முடியாது என்பதால் சவாரிப் பள்ளி வாத்தியார் அவளுக்கு மட்டும் வலது பக்கம் ஏறச் சொல்லிக்கொடுத்திருந்தார். தரையில் தாங்கித் தாங்கி நடக்கிறவள், குதிரைமேல் உட்கார்ந்தால் ராணியாகிவிடுவாள். சொந்தமாக ஒன்று வேண்டும் என்று இரண்டு வருடம் அப்பாவை நச்சரித்து, கடைசியில் ஏதோ தூர தேசத்தில் ஒருவர் விற்க வைத்திருந்த இந்தச் செம்பழுப்புக் குதிரையைப் போனில் வீடியோ பார்த்தே வாங்க வைத்தாள்.

"செருப்பு வாங்கவே நாலு கடை ஏறி எறங்குற ஆளு நீங்க. குதிரையைப் போன்லயா வாங்கினீங்க மாமா?" என்று மனைவியின் தம்பி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"உங்களுக்கு ஒண்ணும் தெரியாது மாமா. ஏர்றவங்க சரியா உக்கார்ற வரைக்கும் அது அசையவே இல்ல, பாருங்க. எனக்கு அந்த மாதிரி குதிரைதான் வேணும்" என்று சிட்டு அவன் முகத்துக்கு நேராகப் போனை நீட்டினாள்.

குதிரை வந்திறங்கியதும் நோய் ஏதும் இருக்கிறதா என்று பார்க்க மூன்று வாரம் துறைமுகத்தில் தனியாக அடைத்து வைத்தார்கள். அந்த மூன்று வாரத்துக்குள் சிட்டுவுக்குக் காய்ச்சல் வந்தது. ஒன்பதாம் நாள் போய்விட்டாள். குதிரையை அவள் ஒரு தடவைகூடத் தொட்டதில்லை. குதிரையும் அவளைப் பார்த்ததில்லை.

"சிட்டு?" என்றார் தராசுக்காரர்.

குதிரை நீளமாக மூச்சு விட்டது. அதன் முதுகு ஒரு விரற்கடை கீழே இறங்கியது. பிறகு மெதுவாக, முதன்முதலாக ஏறியவளைக் கூட்டிப்போவதுபோல, கொட்டகையைச் சுற்றி நடக்கத் தொடங்கியது. அவர் வைக்கோலில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். மகள் போன நாளிலிருந்து வராத அழுகை அது.

மனைவியிடம் சொல்லவில்லை. அவள் கொட்டகைப் பக்கமே வருவதில்லை. தினமும் ஐந்து மணிக்கே வீட்டை ஒட்டிய தன் பட்டறையை மூடிவிட்டு அவர் மட்டும் வந்து காத்திருந்தார். புல்லின் மணமும் குதிரை வியர்வையின் நெடியும் நிறைந்த அந்தக் கொட்டகைக்குள், சரியாக ஐந்தரைக்கு, ஆஸ்பத்திரி வார்டில் துடைத்து விட்ட தரையின் வாசனை மெல்லக் கலந்து வரும். குதிரை காலை ஊன்றிக்கொள்ளும். அன்று நடந்ததையெல்லாம் மகளிடம் சொல்லிக்கொண்டே அவரும் கூட நடப்பார்.

மூன்றாவது வாரம் குதிரையின் விலா எலும்புகளை எண்ணலாம் போல் ஆகிவிட்டது. பார்க்க வந்த கால்நடை டாக்டரம்மா முதுகைத் தடவியதும் முகம் சுளித்தார்.

"யாரு சார் இதுல சவாரி பண்றது?"

"யாரும் இல்லையே."

"சும்மா சொல்லாதீங்க. முதுகெல்லாம் அழுந்திப் புண்ணாயிருக்கு. நல்ல கனமான ஆளு. இப்படியே விட்டா செத்துடும்."

கனமான ஆளா? சிட்டு கொத்தவரங்காய் மாதிரி இருப்பாளே. மருந்தின் அளவுக்காக டாக்டரம்மா எடை கேட்டார். எடை மெஷின் பழுதுபார்ப்பதுதான் தராசுக்காரருக்குத் தொழில். மூட்டை நிறுக்கும் பெரிய மேடை பட்டறையிலேயே இருந்தது. ஏற்றிப் பார்த்தார். முந்நூற்று எண்பது கிலோ.

அன்று மாலை ஆசை யாரை விட்டது? ஐந்தரைக்கும் குதிரையை மேடையிலேயே நிறுத்தினார். அது காலை ஊன்றியது. சிவப்பு எண்கள் துடித்து நின்றன. நானூற்றுப் பன்னிரண்டு. முப்பத்திரண்டு கிலோ கூட. ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று சிட்டுவின் எடை அதுதான். கண்ணாடியில் தெரிந்த அந்த எண்ணை அவர் விரலால் தடவித் தடவிப் பார்த்தார்.

மறுநாள் நாற்பத்தேழு கிலோ கூட. அதற்கடுத்த நாள் எழுபது. மெஷினில்தான் கோளாறு என்று படிக்கற்களை ஒவ்வொன்றாக ஏற்றிச் சரிபார்த்தார். இம்மி பிசகவில்லை.

"அந்தக் குதிரையை யாருக்காவது குடுத்துடுங்க. சாயங்காலமானா அது முனகுறது அடுப்படி வரைக்கும் கேக்குது" என்றாள் மனைவி.

"குடுத்துட்டா சிட்டு எங்க போவா?"

அவள் கையிலிருந்த தட்டு அப்படியே நின்றது. அவர் எல்லாவற்றையும் சொன்னார். அவள் தட்டைக் கீழே வைத்தாள்.

"எறும்பு போனாக்கூட ஒதுங்கி நிப்பா எம்பொண்ணு" என்றாள். "ஒரு வாயில்லா ஜீவனை இப்படி வதைக்க மாட்டா. அது அவ இல்லைங்க."

அவருக்குக் கோபம் தலைக்கேறியது. பெற்றவளா இப்படிப் பேசுவது?

மறுநாள் மாலை. நூற்றுத் தொண்ணூறு கிலோ கூட. குதிரையின் முழங்கால்கள் நடுங்கின. வாயில் நுரை. பினாயில் வாசனையில் மூச்சு முட்டியது. இருநூற்றுப் பத்து. முன்கால்கள் மடிந்தன. மேடை அதிர்ந்தது. குதிரை ஒரு கண்ணால் அவரையே பார்த்தது. கெஞ்சல். வேறொன்றுமில்லை அதில்.

ஒரு வார்த்தை சொன்னால் போதும். அதைச் சொன்னால் மகள் போய்விடுவாள். இரண்டாம் தடவை. தன் வாயாலேயே.

"சிட்டு... எறங்கு கண்ணு" என்றார். "பாவம்டா அது. அப்பா சொல்றேன்ல. எறங்கிடும்மா."



எண்கள் சரசரவென்று இறங்கின. குதிரை உதறிக்கொண்டு எழுந்து, எதிர் மூலைக்கு ஓடிச் சுவரோடு ஒட்டிக்கொண்டது. சொன்ன பேச்சைக் கேட்டுவிட்டாள். அப்போ அவள்தான். என் பிள்ளைதான். போய்விட்டாள். அவர் மார்பில் அடித்துக்கொண்டு அழுதார்.

வாசனை மட்டும் போகவில்லை.

கழுத்தைச் சுற்றி இரண்டு கைகள் வந்தன. முதுகில் ஒரு கனம் ஏறி உட்கார்ந்தது. எத்தனையோ வருடம் எடை பார்த்துப் பழகிய உடம்பு அவருடையது. ஒரு நொடியில் தெரிந்துவிட்டது. எந்தக் குழந்தையும் இவ்வளவு கனம் இருக்காது. உதறிவிட வேண்டும். அவர் கைகள் கேட்கவில்லை. பின்னால் போய்த் தாங்கிக்கொண்டன. கால்கள் தாமாக வீட்டை நோக்கி நடந்தன. ஒரு அடி. இன்னொரு அடி. முதுகு வளைந்தது. மூச்சு இல்லை.

மனைவி கதவைத் திறந்தாள்.

அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் தலைக்கு மேலே, வெகு உயரத்தில் எதையோ பார்த்தாள். கண்கள் நிறைந்து வழிந்தன. அவளிடம் வேண்டாம் என்று சொல்ல அவருக்குள் காற்று இல்லை.

"எங்கிட்ட குடுங்க" என்று சொல்லி, அவள் இரண்டு கைகளையும் மேலே நீட்டினாள்.