பதில் மணி

எங்கள் ஊர் பாலகாட்டில் மூடிக்கிடக்கும் தங்கச் சுரங்கத்துப் பக்கம் ஆண்டெனா வைக்கலாம் என்று, வானத்து ரேடியோ அலைகளை ஆராயும் பிரதாப் சார் சொன்னபோது அதிகம் சந்தோஷப்பட்டவன் நான்தான். பங்காருபேட்டையில் விடியற்காலை ரயிலுக்கு ஓடி, பெங்களூர் வரை நின்றுகொண்டே போகும் பிழைப்பிலிருந்து விடுதலை. ஆண்டர்சன்பேட்டை வீட்டில் இட்லி சாப்பிட்டுவிட்டு ஸ்கூட்டரை எடுத்தால் ஆபீஸ். ஒரு டெக்னீஷியனுக்கு இதைவிட என்ன வேண்டும்?

தங்கம் பிரித்தெடுத்தபின் கொட்டிய சயனைடு மண்மேடு செல்போன் டவர்களை மறைத்துவிடுவதால் அங்கே வானத்தைத் தொந்தரவில்லாமல் கேட்கலாம். பழைய வைண்டிங் ரூமில், அதாவது கேஜ் என்ற சுரங்க லிஃப்டை ஏற்றி இறக்கும் எஞ்சின் இருந்த அறையில், ரிசீவரை வைத்தோம். எதிரே ஷாஃப்ட், கேஜ் இறங்கும் செங்குத்துக் குழி. பாறை வெடித்து உள்ளே மாட்டியவர்களை மேலே கொண்டுவர முடியாமலே போன ஷாஃப்ட் என்று ஊரில் பேச்சு. வாயைக் கான்கிரீட் பலகை போட்டு அடைத்திருந்தார்கள். மேலே இரும்புக் கோபுரமும் கயிறில்லாத துருச்சக்கரமும் மட்டும் மிச்சம்.

சார் தேடியது ஒரு செத்த நட்சத்திரத்தை. கருந்துளைக்கு ரொம்பப் பக்கத்தில் போய், நார் நாராகக் கிழிந்த நட்சத்திரம். கிழிந்தபோது வெளிச்சம் தெரிந்தது. ரேடியோவில் மட்டும் சத்தமே இல்லை.

"சில சமயம் வருஷக்கணக்குல சும்மா இருக்கும், ஸ்டீவன். அப்புறம் திடீர்னு ரேடியோல கத்த ஆரம்பிக்கும். முழுங்கினது போக மிச்சத்தை வெளிய தள்ளும்."

"சாப்ட்டத இவ்ளோ நாள் கழிச்சா சார் கக்கும்?" என்றேன். சிரித்தார்.

ஒரு நாள் மத்தியானம் வெயில் கொளுத்தியது. ஸ்பீக்கரில் மழை பெய்வதுபோல வழக்கமான இரைச்சல். அதற்குள்ளிருந்து ஒரு தட்டும் சத்தம் வந்தது.

டங். டங். டங்.

சார் துள்ளிவிட்டார். ஆனால் நம்புவதற்கு முன் ஒரு சோதனை உண்டு. ஆண்டெனாவை நட்சத்திரத்திலிருந்து விலக்கி, வெற்று வானத்துக்குத் திருப்ப வேண்டும். நட்சத்திரத்தின் சத்தமாக இருந்தால் நின்றுவிடும். திருப்பினேன்.

நிற்கவில்லை.

"பூமியிலேர்ந்துதான் வருது. கேபிள்ல ஏதோ லூஸ்," என்று முகம் தொங்கிப்போய் வெளியே போனார். கேபிள் அந்தக் கான்கிரீட் பலகை மேல்தான் போகிறது. அவர் அதன்மேல் குனிந்து பார்ப்பது ஜன்னலில் தெரிந்தது.

டங். டங். டங்.

அறையில் திடீரென்று ஈரக்கல் வாசனை. என் அப்பா ஷிஃப்ட் முடிந்து கழற்றிப் போடும் சட்டையில் அடித்த அதே வாசனை.

எங்கள் ஊரில் பிறந்தவர்களுக்குத் தெரியும். கீழேயிருந்து மணி மூன்று தடவை அடித்தால் கேஜில் ஆள் ஏறிவிட்டது என்று அர்த்தம். மேலேயிருந்து எஞ்சினை ஓட்டும் வைண்டிங் டிரைவர் அதே மூன்றைப் பதில் மணியாகத் திருப்பி அடித்த பிறகுதான் கேஜ் அசையும். ஒன்று அடித்தால் நிற்கும். சின்ன வயதில் தண்ணீர்க் குழாயிலும் பள்ளிக்கூட பெஞ்சிலும் இதை அடித்து விளையாடாதவன் கிடையாது.

நான் யோசிக்கவே இல்லை. கையிலிருந்த ஸ்பேனர் மேஜைக்காலில் மூன்று தட்டியது.

துருச்சக்கரம் சுற்றியது.

கயிறில்லாத சக்கரம்.

பலகை மேல் சார் இல்லை.

பதறிப்போய் ஒன்று அடித்தேன். சக்கரம் கிறீச்சிட்டு நின்றது. ஸ்பீக்கரில் இரைச்சல் அடங்கி, மூச்சுவிடும் சத்தம் வந்தது. பிறகு சாரின் குரல், பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல.

"ஸ்டீவன்... லிஃப்ட் நடுவுல நின்னுடுச்சு. உள்ள ரொம்பப் பேர் இருக்காங்க."

போலீஸ் வந்தது. பலகையில் ஒரு விரிசல்கூட இல்லை. நான் சொன்னதை என் மனைவி ஆனியைத் தவிர யாரும் நம்பவில்லை. அவள் அப்பா ஏசுபாதம் வைண்டிங் டிரைவராக இருந்தவர்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வீட்டுக்கு வந்ததும் சாரின் மனைவி மமதா போன் செய்தார். தினமும் செய்கிறார். "அவரு எங்க, அண்ணா? உங்ககூடதானே இருந்தாரு?" என்று அழுதார். போனை வைத்தேன்.

சமையலறைக் குழாயில் யாரோ தட்டினார்கள்.

டங். டங். டங்.

ஆனியின் கையைப் பிடித்துக்கொண்டேன். "வேணாம்டி. அதுல சார் மட்டும் இல்ல."

"தெரியும்," என்றாள் மெதுவாக. "அதுக்குன்னு ஆளை நடுவுல தொங்க வுட்டுடுறதா? காய்ச்சலோட வேலைக்குப் போனப்பகூட எங்கப்பா பதில் மணி குடுக்காம இருந்தது இல்லீங்க. அந்தப் பொண்ணு அழுதது உங்க காதுல வுழலையா?"

கையை உதறிக்கொண்டு, குழம்புக் கரண்டியால் குழாயில் மூன்று அடித்தாள்.

ரொம்ப நேரம் ஒன்றும் நடக்கவில்லை. குழம்பு கொதித்தது. தெருவில் நல்ல வெயில்.

பிறகு ஈரக்கல் வாசனை வீட்டை நிறைத்தது.

வாசலில் பூட்ஸ் சத்தம். ஒரு ஜோடி அல்ல. ஷிஃப்ட் விட்ட நேரம்போல, தெருமுனை வரைக்கும் பூட்ஸ் சத்தம்.

எங்கள் கதவுக்கு முன்னால் எல்லாம் நின்றன. அந்தப் பக்கத்திலிருந்து சாரின் குரல், அதே மெல்லிய குரலில்.

"கதவத் திறங்க ஸ்டீவன். எல்லாரும் வந்துட்டோம்."