நாற்பத்து மூன்று பேர் பார்க்கும் சாப்பாடு

மைசூரில் தனிமையை முற்றிலுமாக ஒழித்துக்கட்டிய ஒரே மனிதர் தான்தான் என்று கந்தசாமி சொல்வார். சொல்லும்போது சிரிக்க மாட்டார். மனைவி வடிவு போய் ஆறு வருடம். மகள் சோனியா டொரண்டோவில். ஆனால் சரஸ்வதிபுரத்து வீட்டின் சாப்பாட்டு அறையில் காங்கோ நாட்டு மரமுகம், இலங்கை நாக முகமூடி, துளுநாட்டுப் பித்தளைப் பூதமுகம், மெக்சிகோவின் காகிதக்கூழ் மண்டையோடு, மண்டியாவில் வாங்கிய பழைய தோல்பாவை என்று நாற்பத்து மூன்று பேர் சாப்பாட்டு மேசையைப் பார்த்தபடி சுவரில் மாட்டப்பட்டிருந்தார்கள். அத்தனை பேரில் கைகள் உண்டு என்று சொல்லத்தக்கது தோல்பாவை மட்டும். ஒவ்வொன்றின் முதுகிலும் எங்கே, எப்போது வாங்கியது என்று வெள்ளை மையில் தன் கையாலேயே எழுதியிருந்தார்.

"நாலு கண்டத்தோட பந்தியில உக்காந்து சாப்பிடறவன் நான்" என்பார்.

திங்கட்கிழமை காலை இலங்கை முகமூடி சுவரைப் பார்த்துத் திரும்பியிருந்தது.

"சித்தம்மா, இதைத் திருப்பினது நீயா?"

வீட்டு வேலைக்கு வரும் சித்தம்மா ராமாபுரத்துக்காரி. துடைப்பத்தைக் கீழே வைக்காமலே சொன்னாள். "நான் அதுங்களத் தொடறதே இல்லீங்க சார். தூசியக்கூட தூர நின்னு ஊதித்தானுங்க உடறேன்."

"அதான் இவ்வளவு தூசியா?"

"புதன்கிழமை அமாவாசைங்க. நான் வரமாட்டேன். எங்க ஊட்டுக்காரருக்குப் படைக்கோணும்."

"படைச்சா வந்து சாப்பிடுவாரா?"

"வருவாருங்க. சோத்த வெச்சுட்டு நாங்கெல்லாம் அந்தப் பக்கமாத் திரும்பிக்குவோம். பாத்துட்டே நின்னா சாப்பிட மாட்டாருங்களே. அப்பறம் மூணு தடவ கை தட்டிட்டுத் திரும்புவோம். மூணாவதுக்குள்ள அவரு எந்திரிச்சுப் போயிருவாரு."

"செத்தவருக்கு என்னம்மா கூச்சம்? இருந்தப்ப கல்யாண வீட்டில மூணு பந்தியிலும் உக்காந்தவராச்சே."

"போனவங்களுக்குத்தானுங்க கூச்சம் ஜாஸ்தி."

இதை அன்று மாலையே சோனியாவிடம் வீடியோ காலில் சொல்லிச் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

"என்னப்பா இவ்வளவு இளைச்சிருக்கீங்க? சாப்பிடறீங்களா, இல்லையா?"

"ஜோரா சாப்பிடறேன்."

"இன்னும் ரெண்டு கிலோ குறைஞ்சா டிக்கெட் போட்டு வந்துருவேன். அந்த மூஞ்சிங்களை எல்லாம் யாருக்காவது தூக்கிக் கொடுத்துட்டு உங்களைக் கூட்டிட்டுப் போயிருவேன்."

அவர் சாப்பிடவில்லை. பத்து நாட்களாக இதுதான் நிலைமை. பசி இருந்தது, நல்ல பசி. ஆனால் மேசையில் உட்கார்ந்து கவளத்தை வாயில் வைத்ததும் தொண்டை மூடிக்கொண்டது. ஓட்டலுக்குப் போனாலும் அப்படியே, யாராவது நிமிர்ந்து பார்த்தால் போதும். டாக்டர் எல்லாப் பரிசோதனையும் செய்துவிட்டு ஒன்றுமில்லை என்றார். பெல்ட்டில் இரண்டு புதுத் துளைகள் போட்டாயிற்று.

செவ்வாய்க்கிழமை காலையில் பத்தொன்பது முகங்கள் சுவரைப் பார்த்திருந்தன. ஸ்டூல் போட்டு ஏறி, மூச்சு வாங்க, ஒவ்வொன்றாகத் திருப்பி வைத்தார்.

புதன்கிழமை மத்தியானமே பிடித்த மழை சாயங்காலமும் விடவில்லை. சன்னல் தகரத்தில் விழும் சொட்டும் பிரிட்ஜின் உறுமலும் தவிர வீட்டில் சத்தமில்லை. ஈரக் காற்றில் தோல்பாவையிலிருந்து ஆட்டு வாடையும், பழைய மரங்களிலிருந்து அடைத்து வைத்த பெட்டியின் மணமும், அவற்றின் மேலே புதிதாகக் கொதித்த ரசத்தின் மணமும் கலந்து அறையெங்கும் நின்றன. தட்டில் சோறு போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். பிசைந்தார். நாற்பத்து மூன்று பேரும் பார்த்தார்கள். கவளம் உள்ளே போகவில்லை. துப்பிவிட்டு, தண்ணீர் எடுக்கச் சமையலறைக்குப் போனார்.

குழாயைத் திறந்தபோது அந்தச் சத்தம் கேட்டது. மரம் சுவரில் உரசும் சத்தம். பிறகு பித்தளை. பிறகு மறுபடி மரம். அவசரமில்லாமல், ஒன்றன்பின் ஒன்றாக.

குழாயை மூடினார்.

சத்தம் நின்றது.

அவர் திரும்பி வந்தபோது அறையில் முகங்களே இல்லை. முதுகுகள் மட்டும். நாற்பத்து மூன்று முதுகுகளிலும் அவருடைய கையெழுத்து. தோல்பாவைகூட சுவரைப் பார்த்திருந்தது, கைகள் இரண்டும் தொங்க.

ஸ்டூல் மூலையில்தான் இருந்தது. அதன் பக்கம் போகவில்லை. சாப்பிடும் வீட்டில் மற்றவர்கள் மரியாதைக்கு ஒதுங்கி நிற்பார்களே, அப்படியொரு அமைதி.

ரசச் சோறு ஆவி விட்டது.

உட்கார்ந்தார். ஒரு கவளம். இறங்கியது. இன்னொன்று. அதுவும் இறங்கியது. பத்து நாள் பசி. நாக்கில் புளிப்பு. கண்ணில் நீர். சத்தம் வராமல் மென்றார். யாரும் பார்க்கவில்லை. எவ்வளவு நிம்மதி.

காய்ந்த தோலில் தோல் பட்டது.

ஒரு முறை.

கந்தசாமி நிமிரவில்லை. மீதிச் சோற்றை வேகவேகமாக வழித்தார்.

இரண்டாவது முறை.

கை கழுவவில்லை. நாற்காலியை இழுக்காமல், தரையில் பாதம் தேயாமல், தலை குனிந்தபடி எழுந்தார்.

மூன்றாவது கைதட்டல் கேட்டபோது மேசையில் யாரும் இல்லை.